டைனமோவில் சுற்றிய கலியாணப் பாட்டு

அண்ணை கட்லட்டை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“என்னடி சொன்னனி?”

“டிலானியின்ரை கலியாணத்தண்டைக்கு, வீட்டிலையிருந்து கோயிலுக்கு ஊர்வலமாப் போகேக்கை அந்தப் பாட்டை அடியுங்கோ எண்டு சொன்னனான்.”

“எந்தப் பாட்டை?”

“சேமக்காலைப் பாட்டை.”

கட்லட் தட்டுக்குத் திரும்பிப் போனது. அண்ணை சிலுவை அடையாளம் போட்டார். குசினிக்குள் நின்ற மச்சாள் “ஐயோ மாதாவே” என்றார்.

சேமக்காலை என்பது கத்தோலிக்கரான எங்களை அடக்கம் செய்கிற இடம். குருநகரில் யார் செத்தாலும், பெட்டி வாசலைத் தாண்டியதும் என் அண்ணை அன்ரனியின் பாண்ட் குழு அந்தப் பாட்டைத்தான் எடுக்கும். கிளாரினெட் முதலில் அழும், பிறகு ட்ரம்பெட் சேர்ந்து அழும். மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கிவிட்டு எழும்பி நிற்பார்கள். அதற்கு வேறு பெயர் கிடையாது, சேமக்காலைப் பாட்டுத்தான். அதைக் கலியாணத்துக்கு அடி என்று பெண்ணைப் பெற்றவளே கேட்டால் சிலுவை போடாமல் என்ன செய்வார்கள்?

“உனக்கென்ன விசரே? மாப்பிளை வீட்டார் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போக வருகினமோ, அடக்கம் செய்ய வருகினமோ?”

“அது செத்தவீட்டுப் பாட்டே இல்லை, அண்ணை. அது ஆடுற பாட்டு. எத்தினை வருசமாச் சொல்லுறன்!”

“அப்ப ஒரிஜினலைக் கொண்டு வா. என்ரை காதாலை கேட்டுப்போட்டு அடிக்கிறன். இல்லாட்டி இந்தக் கதையை இனி எடுக்காதை.”

போன கிழமை நான் கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதியதற்கு, இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது, ஐயா. இந்தக் கிழமை என் அண்ணையை நான் வென்ற கதையைச் சொல்லப்போகிறேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர். நன்றாக வாசிக்கட்டும்.

கப்பல்காரர் தந்த கசெற்

என் மனுசன் மரியநாயகம் கப்பலில் வேலை செய்தவர். இது எங்கள் கலியாணத்துக்கு முந்திய கதை, இரண்டு வீட்டாருக்கும் விசயம் தெரியாத காலம். மற்றப் பெண்களுக்குக் கப்பல்காரர்கள் சென்ற் போத்தல் கொண்டு வருவார்கள், சீலை கொண்டு வருவார்கள். எனக்கு வந்தது ஒரு கசெற்.

ஏதோ ஒரு துறைமுகத்துப் பழஞ்சாமான் கடையில் வாங்கினாராம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நெடுங்காலத்துக்கு முன் வாசித்த பாண்ட் இசை. ப்ளூஸ் என்றார், ஜாஸ் என்றார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து பதிந்தது என்றார். “பாண்ட்காரற்றை தங்கச்சிக்குப் பாண்ட் கசெற்தானே குடுக்க வேணும்” என்று பல்லைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அவர் தலையிலேயே எறிந்திருப்பேன்.

ஐந்துசந்தியில் சலீம் நானாவின் ரெக்கோடிங் பார் இருந்தது. விரும்பிய பாட்டைக் கசெற்றில் பதிந்து தருகிற கடைகளை அப்போது அப்படித்தான் சொல்வோம். நானா எனக்கு ஒரு பிரதியும் தன் கடைக்கு ஒரு பிரதியும் அடித்தார். அடித்து முடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நடுவிலிருந்த ஒரு பாட்டைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு கிளாரினெட் துள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ட்ரம்பெட், மேளம், இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ, எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு. என் கால் செருப்புக்குள் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற மரியநாயகம் என் காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அத்தோடு சென்ற் போத்தல் எனக்கு மறந்துபோனது.

இவர் மூலக் கசெற்றோடு கப்பலேறினார், அது எங்கோ ஒரு கப்பலில் தொலைந்தது. இங்கே சண்டை வந்து மின்சாரம் போனது. சலீம் நானாவையும் அவருடைய முஸ்லிம் சனம் முழுவதையும் எங்கள் இயக்கக்காரர் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு அனுப்பினார்கள். அதை எழுதுகிறபோது இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெல்லச் சுத்து

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அடுத்ததை விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். மின்சாரம் இல்லை, பற்றரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, அதிலிருந்து வயரைக் கசெற் போடுகிற ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். எங்கள் வீட்டில் செய்தி முடிந்ததும் அண்ணை என் கசெற்றைப் போடுவார்.

சுற்றுகிறவள் நான்தான்.

அண்ணை அப்போதுதான் பாண்ட் குழுவைப் பொறுப்பெடுத்திருந்தார். புதுப் பாட்டு ஒன்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். நான் பேய் மாதிரிச் சுற்றினாலும் டைனமோவால் அந்தக் கசெற்றை உண்மையான வேகத்துக்குக் கொண்டுவர முடியாது. அது போதாதென்று அண்ணை வேறு கத்துவார்.

“மெல்லச் சுத்தடி! ஒண்டும் பிடிபடேல்லை.”

மெல்லச் சுற்றுவேன்.

“இன்னும் மெல்ல!”

இன்னும் மெல்லச் சுற்றுவேன். துள்ளி வந்த கிளாரினெட் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளி மாதிரி நடந்து வந்தது.

“அண்ணை, இது இப்பிடியில்லை. இது கெதியான பாட்டு. நான் கேட்டனான்.”

“பாண்ட் அடிக்கிறது நானோ நீயோ? அலட்டாமல் சுத்து.”

கசெற்றின் தொடக்கத்துக்கு அவர் போனதே கிடையாது. நடுவில் இருந்த அந்த ஒரு பாட்டுக்கு மட்டும், பேனையை விட்டுச் சுற்றித் திருப்பித் திருப்பிக் கேட்பார். தொடக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அண்ணை பாட்டைப் பழகி முடிக்கவும் எங்கள் தெருவில் ஒரு மரணம் நடக்கவும் சரியாக இருந்தது. கையிலிருந்த ஒரே புதுப் பாட்டு அதுதான், அடித்தார்கள். தெருவே குலுங்கி அழுதது. அடுத்த செத்தவீட்டிலும் அதையே கேட்டார்கள். அந்தக் காலத்தில் செத்தவீடுகளுக்கா குறைவு? பாட்டு சேமக்காலைக்கே சொந்தமாகிவிட்டது. பிறகு வந்த இடப்பெயர்வில் என் கசெற்றும் போனது. நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட மிச்சமில்லை.

மரியநாயகம் வந்து என்னைக் கட்டிய பிறகு ஒரு செத்தவீட்டில் முதன்முதலாக அந்தப் பாட்டைக் கேட்டார். ஊர்வலத்தில் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். எல்லாரும் அழுகிறார் என்று நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், அது சிரிப்பு.

அன்று பின்னேரமே அண்ணையிடம் போய்ச் சொன்னார். “மச்சான், உது கலியாணவீட்டிலை ஆடுற சாமானடா.”

“நீ கப்பல்லை குடிவெறியிலை கேட்டிருப்பாய்” என்று அண்ணை கதையை முடித்துவிட்டார்.

டிலானி பிறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு இவர் சொன்னார்: “பார், இவளின்ரை கலியாணத்தண்டைக்கு உன்ரை கொண்ணையைக் கொண்டு அந்தப் பாட்டைச் சரியான வேகத்திலை அடிப்பிக்கிறன்.”

அடிப்பிக்கவில்லை. சில வருசங்களுக்கு முன் நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியது. அண்ணை அழுதபடியே கிளாரினெட்டை வாயில் வைத்தார். அதே பாட்டு, அதே நோயாளி நடை. சந்தைக்குப் போனாலும் பூசைக்குப் போனாலும் என்னை ஓட ஓட வைத்து முன்னால் நடந்த மனுசன் அவர். அவரையா அப்படி இழுத்து இழுத்துக் கொண்டுபோவது? அன்றைக்கு எனக்குத் துக்கத்தை விடக் கோபம்தான் கூட. அந்தக் கோபம் ஆறவேயில்லை.

மகளுக்குக் கலியாணம் பொருந்தியதும் அந்தப் பாட்டை அடிக்கச் சொல்லி நான் ஏன் கேட்டேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

குரக்கன் தோட்டத்து நாடா

போனுக்கு முன்னால் முணுமுணுத்தால் அது பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் என்றாள் டிலானி. முணுமுணுத்தேன். முதல் தடவை ஒரு தாலாட்டைக் காட்டியது. அடுத்த தடவை ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தது.

அப்போதுதான் எனக்கே பயம் பிடித்தது. எத்தனை முயன்றும் அந்தப் பழைய வேகம் என் வாயில் வரவில்லை. செத்தவீடு செத்தவீடாகக் கேட்டு எனக்கும் அந்த நடைதான் ஊறிப்போயிருந்தது. அண்ணை சொன்னதுதான் சரியோ, காதலித்த காலத்தில் எல்லாம் துள்ளுகிற மாதிரித்தான் கேட்டிருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

சலீம் நானா சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்திருந்தார். பழைய இடத்துக்குக் கிட்டவே ஒரு சின்னக் கடை, போன் கவரும் மணிக்கூட்டு வாரும் விற்கிறார். போய்க் கேட்டேன்.

“மரியநாயகத்தின்ரை கசெற்றோ? ஒருத்தரும் வாங்காத கசெற்றெல்லோ அது!” என்றார். இத்தனைக்கும் பிறகு அந்த ஆதங்கம் அவருக்குப் போகவில்லை.

“கடைப் பிரதி இருக்கோ, நானா?”

“பொறுங்கோ தங்கச்சி, சொல்லுறன்.”

நானாவுக்குப் புத்தூரில் ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார், தோட்டக்காரர். நானா ஊரை விட்டுப் போகவேண்டி வந்த அன்று அவர்தான் ஓடிவந்து கடையிலிருந்த கசெற் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் வைத்திருந்தார். சண்டைக் காலம் முழுக்க ஓடுகிற இடமெல்லாம் அவற்றைக் காவித் திரிந்திருக்கிறார். நானா திரும்பி வந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

“ஆனா ஒரு பெட்டி குறையுது” என்றார் நானா. “குருவிக்குக் கட்டிப்போட்டான்.”

கசெற் நாடாவை உருவித் தோட்டத்தைச் சுற்றிக் கம்புகளில் இழுத்துக் கட்டினால், வெயிலில் மினுங்கும், காற்றில் ஊளையிடும், குருவி கிட்ட வராது. நானும் பார்த்திருக்கிறேன். என் மனுசனின் பாட்டு புத்தூரில் கதிர் முற்றிய குரக்கன் தோட்டத்தில் கிளி கலைத்துக்கொண்டிருந்ததோ என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“எந்தப் பெட்டி, நானா?”

“நானும் உப்பிடித்தான் பதறினனான். அவன் சொல்லுறான், ‘சினிமாப் பாட்டைத்தான் கட்டினனான் நானா, அதெல்லாம் எனக்குப் பாடம். விளங்காத பாட்டைக் கட்டினா, பிறகு ஆர் எனக்குத் திருப்பிப் பாடிக் காட்டுறது?’ எண்டு.”

அந்தப் புத்தூர் மனிதர் எந்த நேரம் வந்தாலும் என் வீட்டில் அவருக்குத் தேத்தண்ணீர் உண்டு. இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவரிடம் சொல்லுங்கள்.

நானா கதிரையில் ஏறி மேல்தட்டைக் கிண்டினார். தும்மினார், இன்னும் கிண்டினார். கடைசியில் ஒரு கசெற்றை எடுத்துத் தூசு தட்டி என்னிடம் தந்தார். மேலே அவருடைய கையெழுத்தில், “பழைய பாண்ட். விலைப்படாது.”

“போட்டுக் காட்டவோ?”

“வேண்டாம். நாளைக்கு அண்ணையோடை வாறன். அவர் இல்லாமல் கேட்டா, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கள்ளம் செய்துபோட்டம் எண்டு சொல்லுவார்.”

நானாவின் குரல்

அண்ணை கிளாரினெட் பெட்டியையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். தோற்கிற எண்ணமே அவருக்கு இல்லை. நானா உள்ளேயிருந்து ஒரு பழைய மெசினைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். கசெற்றைப் போட்டார்.

முதலில் ஒரு குரல் வந்தது. நாம்பன் மாடு உறுமுகிற மாதிரி. “இ…து… ஐந்…து… சந்…தி…”

அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்ன கோதாரி நானா இது? மனிசக் குரலே உது? பேய் பிடிச்ச கசெற்!”

நானா பொத்தானை அழுத்தினார். நாடாவை முன்னுக்கு ஓட்டி நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்.

பாட்டு வந்தது. அழுது அழுது, இழுத்து இழுத்து. செத்தவீட்டில் அண்ணை அடிக்கிற அதே நடை.

அண்ணை எழும்பியே விட்டார். “கேட்டியோ? கேட்டியோடி? நான் அடிக்கிற அதே அடி! இத்தினை வருசமா என்ரை உயிரை எடுத்தியே!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மரியநாயகம் வெறியில் கேட்டார், நான் காதலில் கேட்டேன், அவ்வளவுதானா?

“எப்பன் இரு, அன்ரனி” என்றார் நானா. “முதல்லை ஒரு குரலுக்குச் சிரிச்சாயே, அது ஆற்றை குரல் எண்டு தெரியுமோ?”

“ஆற்றை?”

“என்ரை. இஞ்சை பதியிற ஒவ்வொரு கசெற்றிலையும் தொடக்கத்திலை என்ரை குரலிலை கடைப் பேர் சொல்லியிருப்பன். நான் பள்ளிவாசல்லை பாங்கு சொன்ன ஆள். உந்தச் சத்தத்திலை பாங்கு சொல்லியிருந்தா ஒருத்தனும் தொழ வந்திருக்க மாட்டான், எல்லாரும் ஓடியிருப்பாங்கள்.”

அண்ணையின் சிரிப்பு நின்றது.

நானா மெசினைக் கழற்றினார். உள்ளே சில்லைச் சுற்றுகிற ரப்பர் வார் இளகித் தொய்ந்துபோய்க் கிடந்தது. மேசை லாச்சிக்குள் தேடி ஒரு புது வாரை எடுத்து மாட்டினார். கசெற்றைத் தொடக்கத்துக்குத் திருப்பினார்.

“இது ஐந்துசந்தி சலீம் ரெக்கோடிங் பார். உங்கள் விருப்பப் பாடல்களைத் தெளிவாகப் பதிந்து பெற்றுக்கொள்ளுங்கள்.”

இளம் பெடியன் ஒருவனின் குரல். கணீரென்று, கொஞ்சம் தலைக்கனத்தோடு. நரைத்த தாடியோடு முன்னால் நின்ற நானாவைத்தான் நானும் அண்ணையும் பார்த்தோம். அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“கடை போச்சு, வீடு போச்சு. இது கிடந்திருக்கு” என்றார். பிறகு, “இன்னொருக்காப் போடட்டோ?” என்று எங்களிடம் அனுமதி கேட்டார். இரண்டு தரம் போட்டோம்.

அதற்குப் பிறகு நாடா நடுவுக்கு ஓடியது. அப்பளம் பொரிந்தது. அந்தக் கிளாரினெட் துள்ளி வந்தது.

என்ன சொல்ல! எண்ணெய் போட்டு உருவினாலும் மடங்காத என் முழங்கால், அது பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. ட்ரம்பெட் குறுக்கே விழுந்து சண்டை பிடித்தது, மேளம் இரண்டையும் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. வாசலில் போன் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இவர் என் காலைப் பார்த்த இடம் அந்தக் கடைக்குக் கூப்பிடு தூரம்தான்.

பாட்டு முடிந்தது. அடுத்ததாக ஒரு பெண் ப்ளூஸ் பாடினாள். ஏமாற்றிவிட்டுப் போனவனை மீன் சந்தையில் நின்று ஊர் கேட்கப் பேசுகிற மாதிரி இருந்தது, எனக்கு அவளையும் பிடித்துப்போனது. அவள் பாடி முடிக்கும் வரைக்கும் அண்ணை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னனா இல்லையா?” என்றேன். இன்னொரு முறை கேட்டேன். ஆசை தீர மூன்றாம் முறையும் கேட்டேன்.

“எத்தினை சனத்தை இந்தப் பாட்டோடை தாட்டிருக்கிறம், ரெஜினா” என்றார் அண்ணை. கிளாரினெட் பெட்டியைத் தடவினார். “ஆடுற பாட்டோடை.”

“நீங்கள் அழுதுதானே அடிச்சனீங்கள், அண்ணை. அதிலை பொய் இல்லை. அவையும் சந்தோசமாத்தான் போயிருப்பினம்.”

அண்ணை திடீரென்று நிமிர்ந்தார். “அப்ப அண்டைக்கு மரியநாயகம் லேஞ்சியை வாயிலை அடைஞ்சுகொண்டு நிண்டது…”

“சிரிப்பு.”

“அட கோதாரி! அழுறான் எண்டெல்லோ நினைச்சு, இன்னும் உருக்கமா அடிச்சனான்!”

நானாதான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். அண்ணை கிளாரினெட் பெட்டியைத் திறந்தார். “நானா, அதை முதல்லையிருந்து போடுங்கோ” என்றார்.

வாசல்

பாண்ட் குழு கடற்கரையில் நின்று பழகியது. முதல் நாட்களில் ஒருவர் ஓட மற்றவர் விழுந்தார். பெரிய மேளக்காரர், “அன்ரனி அண்ணை, இது பாட்டோ, நாய் கலைக்கிறதோ?” என்று கேட்டாராம். சம்பந்தி வீட்டுக்கு அண்ணையே நேரில் போய், “தொடக்கத்திலை ஒருக்கால் திடுக்கிடுவியள், எழும்பி ஓடிப்போடாதேங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கலியாணத்தன்று டிலானி வெள்ளை உடுப்பில் தகப்பனின் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள். அண்ணை விறாந்தையில் நின்று கிளாரினெட்டை எடுத்தார். எனக்குச் சொல்லாமல், பழைய நடையில்தான் தொடங்கினார். அந்த ஊரே அறிந்த நடை. முற்றத்தில் நின்ற சனம் அப்படியே உறைந்துபோனது. யாரோ ஒருவர் சிலுவை போட்டார். சம்பந்தி அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் எனக்கு விளங்கியது. அது மரியநாயகத்துக்கு. நான் அழுதேன், வெட்கமில்லாமல் நன்றாக அழுதேன்.

மகள் எழும்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்தாள். அந்த வாசலால்தான் அவள் தகப்பனின் பெட்டியும் போனது. அவள் கால் வெளியே வைத்ததும் அண்ணை கிளாரினெட்டை வானத்துக்குத் தூக்கினார்.

பாட்டு பாய்ந்தது.

ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதே பாட்டு என்று காது சொல்கிறது, கால் வேறு கதை சொல்கிறது. மீன் கூடையோடு நின்ற பெண் ஒருத்தி, “எடியே, இது எங்கடை சேமக்காலைப் பாட்டெல்லோ!” என்று கத்திவிட்டுக் கூடையை இறக்கினாள். இந்த முறை அசையாமல் நிற்பதற்கு அல்ல. சம்பந்தி அம்மாவின் தலை ஆடத் தொடங்கியது. சலீம் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கை தட்டினார். தெரு முழுக்க, தாய் தகப்பனை அந்தப் பாட்டோடு அனுப்பிய சனம், அழுகையும் சிரிப்புமாக ஆடிக்கொண்டு வந்தது.

கோயில் சந்தியில் அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சிவந்து, வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நானும் கவனித்தேன். மகளின் கையைப் பிடித்திராத என் வலது கை, காற்றில் பெடல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணை கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துக் கத்தினார்.

“மெல்லச் சுத்தடி! எனக்கு மூச்சு வாங்குது!”

அந்த முறை நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை.